ஹில்க்காவின் ஸ்கோப்பும் சூப் பானையும்

ஹில்க்காவுக்குக் கண் மங்குகிறது என்பது எங்கள் ஊரான கோர்பிவாராவில் அவளைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவளைக் கேட்டால் மங்கிப்போனது ஸ்கோப்தான். கல்யாணமான வருஷத்திலிருந்து அவள் துப்பாக்கியின் முதுகில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கண்ணாடிக் குழலை ஞாயிறுதோறும் சமையலறை மேஜையில் கழற்றி வைத்துத் துடைப்பாள். முதலில் பருத்தித் துணி, அப்புறம் மான்தோல், அப்புறம் என்னுடைய வோட்கா. உள்ளே ஆவி படிந்துவிட்டது என்பாள். நான் வாங்கிப் பார்த்தால் தோட்டத்துக் கடைசியில் இருக்கும் பிர்ச் மரத்தின் பட்டை வரி வரியாகத் தெரியும். சொன்னால் சண்டை வரும். ஆமாம், ஆவிதான் என்று திருப்பிக் கொடுத்துவிடுவேன். வோட்கா போகிறதே என்பதுதான் வருத்தம்.

நான் அவள் கணவன் ஓஸ்மோ. மரம் ஏற்றும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். எங்கள் வேட்டைக் குழுவில் வேட்டை நாயைக் காட்டுக்குள் கூட்டிப்போவது என் வேலை. ஹில்க்கா ஊர்க் கூட்டுறவுக் கடையில் பாலாடைக்கட்டி வெட்டித் தருகிறவள். தராசின் எண்ணை மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்துதான் படிப்பாள். ஆனால் கடைக்குள் யார் வந்தாலும் அவர்கள் வாய் திறக்கும் முன்னே பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவாள். நடையைக் கேட்டே ஆளைச் சொல்வாள், இருமலைக் கேட்டே அவன் குடும்பத்தைச் சொல்வாள். அதனால் கடைக்கு வருகிறவர்கள் ரொம்ப நாள் ஏமாந்துதான் இருந்தார்கள்.

எங்கள் குழுவில் துப்பாக்கி தூக்குகிற ஒரே பெண் அவள். வந்த புதிதில் குழுவுக்கு அது பிடிக்கவில்லை. மூஸ் என்கிற பெரிய காட்டுமானின் வேட்டை முடிந்ததும் நில உரிமையாளர்களுக்கும் ஊருக்கும் பள்ளிக்கூடத்தில் மூஸ் சூப் போட்டு விருந்து வைப்பது வழக்கம். அவர்கள் காட்டில் நாம் வேட்டையாடுகிறோம், அவர்கள் வயிற்றை நாம் நிரப்புகிறோம், கணக்கு சரி. அந்த முதல் வருஷம் சூப்பை ஹில்க்கா பார்த்துக்கொள்ளட்டும், காட்டில் துப்பாக்கியோடு காத்து நிற்கிற அவள் நிலையில் வேறு யாரையாவது நிறுத்தலாம் என்று ஆண்கள் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். அவளும் சரி என்று தலையாட்டினாள். விருந்தன்று முதல் கரண்டி வாயில் போன மாத்திரத்தில் பாதிரியார் எழுந்து தண்ணீர்க் குழாயைத் தேடிப் போனார். அத்தனை உப்பு. ஊரே தண்ணீர் குடித்துவிட்டு வீடு போனது. அதற்குப் பிறகு யாரும் அவளை அடுப்புப் பக்கம் கூப்பிடவில்லை. அவள் பாட்டுக்குத் தன் நிலைக்குப் போய் நின்றாள். சதுப்பு நிலத்தின் ஓரம், விழுந்த பைன் மரத்துக்குப் பின்னால், அவளுக்கென்று ஒரு இடம்.

வீட்டில் அவள் வைக்கிற சூப்பைச் சாப்பிட்டவன் நான் ஒருவன்தான். அதில் உப்பு எப்போதும் அளவுதான் என்று நான் யாரிடமும் வாயைத் திறந்ததே இல்லை.

விவகாரம் ஆகஸ்டில் ஆரம்பித்தது. பெரிய விலங்கைச் சுட வேண்டுமானால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சுடும் தேர்வில் தேற வேண்டும். அட்டையில் வரைந்த மூஸின் நெஞ்சில் ஒரு வட்டம், எல்லாக் குண்டும் அதற்குள் விழ வேண்டும். ஹில்க்காவின் குண்டுகளில் ஒன்று மூஸின் தாடையில் விழுந்தது. இன்னொன்று அட்டையிலேயே இல்லை. சுற்றி நின்றவர்கள் காலணியைப் பார்த்தார்கள். குழுவின் தலைவன் சகரி, பெரிய மீசைக்காரன், அதிகம் பேசாதவன், அடுத்த வாரம் இன்னொரு தடவை முயலலாம் என்று மட்டும் சொன்னான். குழுவில் யல்மரிதான் சும்மா இருக்கமாட்டாதவன். பருந்துக் கண் என்று தன்னைத் தானே சொல்லிக்கொள்கிறவன்.

"ஹில்க்கா, இந்த வருஷம் சூப்ப நீயே பாத்துக்கயேன். உப்ப மட்டும் கொறச்சுப் போடு."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் கொஞ்சம் சிரித்துத் தொலைத்தேன். ஹில்க்கா சிரிக்கவில்லை. வண்டியில் ஏறியதும் ஸ்கோப் மாற்ற வேண்டும் என்றாள். குரலைக் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஸ்கோப்பா, சூப் பானையா, இரண்டில் ஒன்று என்று ஆகிவிட்டது.

கண் டாக்டர் அதற்கு முந்தின வருஷமே சொல்லிவிட்டார். வலது கண்ணில் புரை வளர்கிறது, அதோடு பழைய சிலிண்டர் பவர் வேறு. ஆபரேஷன் சின்னதுதான், காலையில் போய் மதியம் வீடு திரும்பலாம் என்றார். முழங்கை வரை மூஸின் வயிற்றுக்குள் கையை விட்டுக் குடலை எடுக்கிற பெண், கண்ணுக்குச் சொட்டு மருந்து விடச் சொன்னால் தலையணைக்கு அடியில் ஒளிந்துகொள்வாள். கத்தி என்ற வார்த்தையைக் கேட்டதும் டாக்டரின் அறையிலிருந்து கைப்பையைக்கூட மறந்துவிட்டு வெளியே வந்தவள் அவள். அதனால்தான் குற்றமெல்லாம் ஸ்கோப்பின் தலையில் விழுந்தது.

முதல் ஸ்கோப்பை நான்தான் வாங்கிவந்தேன். கண் தெரியாவிட்டால் பெரிதாக்கிக் காட்டு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பன்னிரண்டு மடங்கு பெரிதாக்குகிற பூதம் ஒன்று, பக்கத்து ஊர்க்காரன் ஒருவனிடமிருந்து. துப்பாக்கியில் மாட்டுவதற்கு முன் கையில் வைத்துப் பார்க்கட்டும் என்று அவளை எதிர்வீட்டு மேய்ச்சல் வேலிக்குக் கூட்டிப்போனேன். வேலிக்குப் பக்கத்திலேயே ஒரு மாடு நின்றுகொண்டிருந்தது. ஹில்க்கா குழலைக் கண்ணில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"என்ன தெரியுது?"

"மயிரு."

"மாடு தெரியலையா?"

"மாட்டோட எந்த எடம்னு நீ சொன்னா, அதுல மயிரு தெரியுது."

நான் வாங்கிப் பார்த்தேன். குழல் நிறைய பழுப்பு ரோமம், அவ்வளவுதான். எங்கள் காட்டில் மூஸ் வருவது முப்பது நாற்பது மீட்டர் தள்ளி, மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே. தலை எங்கே, நெஞ்சு எங்கே என்று இந்தப் பூதத்தில் தேடி முடிப்பதற்குள் அது அடுத்த மாவட்டத்துக்குப் போயிருக்கும். போதாததற்கு அவள் மூச்சு விட்டால் படம் குலுங்கியது. பெரிதாக்கினால் நடுக்கமும் சேர்ந்தே பெரிதாகும் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

இரண்டாவது, யல்மரியின் உபயம். செய்த கிண்டலுக்குப் பிராயச்சித்தமோ என்னவோ, தன்னுடைய சிவப்புப் புள்ளிக் கருவியைக் கொண்டுவந்து கொடுத்தான். அதில் பெரிதாக்குவது கிடையாது. கண்ணாடியின் நடுவே சிவப்பாக ஒரு புள்ளி எரியும், புள்ளியை இலக்கின் மேல் வைத்துச் சுட வேண்டியதுதான். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொள்ளலாம் என்று பெருமையாக விளக்கினான். ஹில்க்கா பார்த்துவிட்டு, இதில் புள்ளியே இல்லையே, யாரோ ஜாமைக் கொட்டி விரலால் இழுத்துவிட்டிருக்கிறார்கள் என்றாள். யல்மரி நம்பவில்லை. உலகத்தில் எல்லோருக்கும் அது வட்டமாகத்தான் தெரியும் என்று அடித்துப் பேசினான். சிலிண்டர் பவர் உள்ள கண்ணுக்கு எரியும் புள்ளி இழுபட்டுத்தான் தெரியும் என்று கண்ணாடிக் கடைக்காரி பிற்பாடு எனக்குச் சொன்னாள். அன்றைக்கு யல்மரி தன் கருவியை ஏதோ குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

மூன்றாவது தடவை யாரையும் நம்பாமல் ஹில்க்காவே கிளம்பினாள். கயானி நகரத்தில் ஔலிஸின் துப்பாக்கிக் கடை இருக்கிறது. அங்கே ஸ்கோப் பார்க்க வருகிறவர்களை ஔலிஸ் ஜன்னலோரம் நிறுத்தி, எதிரே தேவாலய கோபுரத்தின் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்வான். நல்ல வெயிலில் வெள்ளை முகமும் தங்க முட்களும் எந்த ஸ்கோப்பிலும் ஜோராகத்தான் தெரியும். எல்லோரும் மயங்கி வாங்கிப்போவார்கள். நானும் ஒருமுறை மயங்கியிருக்கிறேன்.

ஹில்க்கா ஜன்னல் பக்கமே போகவில்லை. கொல்லையில் விறகுக் கொட்டகை இருக்கிறதா என்று கேட்டாள். ஔலிஸ் என்னைப் பார்த்தான். நான் தோளைக் குலுக்கினேன். கடிகாரத்தை நான் சுடப்போவதில்லை, நான் பார்க்க வேண்டியது தரைவரை கிளை தொங்கும் ஸ்ப்ரூஸ் மரத்துக்கு அடியில் இருக்கிற இருட்டை என்றாள். ஔலிஸ் முணுமுணுத்துக்கொண்டே ஒரு கூடை நிறைய ஸ்கோப்புகளைக் கொல்லைக்குத் தூக்கிவந்தான். கொட்டகையின் இருட்டு மூலையில் அடுக்கிய விறகு, அதன் மேல் ஒரு பழுப்புக் கம்பளிச் சாக்கு. விறகு முடிந்து சாக்கு எங்கே தொடங்குகிறது என்பது தெரிய வேண்டும். அதுதான் அவள் வைத்த பரீட்சை.

விலை உயர்ந்த ஒன்றில் எல்லாமே பிரகாசமாக இருந்தது. ஆனால் கொட்டகைக் கூரையின் இடுக்கிலிருந்து வந்த வெளிச்சம் அவள் புரைக் கண்ணில் பட்டு, பாலைக் கொட்டியதுபோல் பரவிவிட்டது. மெல்லிய கோடு போட்ட இன்னொன்றில் கோடே அவளுக்குத் தெரியவில்லை. இன்னொன்றுக்குக் கண்ணை மிகவும் பக்கத்தில் வைக்க வேண்டியிருந்தது, மூக்குக்கண்ணாடி இடித்தது. சுட்டால் துப்பாக்கி பின்னால் உதைத்து அந்த ஸ்கோப் நெற்றியில் பதியும்.

மூக்குக்கண்ணாடியைப் பார்த்ததும்தான் ஔலிஸுக்கு வேறொன்று பிடிபட்டது. அவள் போட்டிருந்தது மேலே தூரம், கீழே கிட்டம் என்கிற புரோக்ரசிவ் கண்ணாடி. கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் சாய்த்தால் பார்வை அதன் ஓரத்துக்குப் போய்விடும். ஓரத்தில் எல்லாம் நெளியும்.

"பழைய கண்ணாடி எதுவும் வெச்சிருக்கீங்களா? ஒரே பவர் உள்ளது?"

ஹில்க்கா கைப்பையைத் துழாவி, ஒரு காலில் டேப் சுற்றிய பழைய கண்ணாடியை எடுத்தாள். தூக்கிப் போட மனசில்லாமல் எதையும் வைத்துக்கொள்கிறவள். அந்தக் கண்ணாடியின் பவர் இப்போது அவளுக்குப் போதாது. போதாததை ஸ்கோப்பின் பின்வளையத்தைத் திருகிச் சரிக்கட்டலாம் என்றான் ஔலிஸ். ஒரேயடியாக உற்றுப் பார்த்துக்கொண்டே திருகினால் கண் தானாகச் சமாளித்துக்கொண்டு ஏமாற்றும். வெளிறிய சுவரைப் பார்த்து, ஒரு நொடி பார்த்து, கண்ணை எடுத்து, மறுபடி பார்த்துத் திருக வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தான். கூடையின் அடியிலிருந்து ஒரு பழைய ஸ்கோப் வெளியே வந்தது. குறைவாகத்தான் பெரிதாக்கும், அகலமாகக் காட்டும். நடுவில் புள்ளியோ மெல்லிய கோடோ இல்லை. மூன்று பக்கத்திலிருந்தும் தடித்த கறுப்புக் கம்பம் வந்து நடுவை வேலி போட்டு நிறுத்தும்.

ஹில்க்கா பார்த்தாள், திருகினாள், மறுபடி பார்த்தாள். பிறகு குழலை இறக்காமலேயே பேசினாள்.

"ஓஸ்மோ, அந்தச் சாக்குல ஒரு பூனை படுத்திருக்கு."

நாங்கள் இரண்டு பேரும் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தோம். பூனை இருந்தது. தன் கடைப் பூனை அங்கே தூங்கும் என்பது ஔலிஸுக்கே அன்றுதான் தெரியும். ஹில்க்கா அந்த ஸ்கோப்பை அட்டைப்பெட்டிகூட வேண்டாம் என்று சால்வையில் சுற்றி எடுத்துவந்தாள்.

அடுத்த வாரம் தேர்வில் எல்லாக் குண்டும் வட்டத்துக்குள் விழுந்தன. சகரி அட்டையில் கையெழுத்துப் போட்டான். யல்மரி அருகில் போய் ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வந்தான். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஹில்க்கா பான்கேக் சுட்டாள், எனக்குக் கொஞ்சம் வோட்காவையும் ஊற்றிக்கொடுத்தாள். இனி ஸ்கோப் துடைக்க அதை எடுக்கமாட்டாள் என்று நானும் சந்தோஷப்பட்டேன். நாங்கள் செய்த தப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்பது இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை.

அக்டோபரில் வேட்டை தொடங்கியது. முதல் இரண்டு வாரமும் அவள் நிலைப் பக்கம் எதுவும் வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை காலையிலிருந்தே பனியும் மழையும் கலந்து கொட்டியது. என் நாய் ரெமு ஒரு மூஸைக் கண்டு குரைத்து நிறுத்தியது. நான் நெருங்குவதற்குள் அது பாதையைத் தாண்டி ஓடிவிட்டது. விட்டுவிட்டேன், மதியச் சாப்பாட்டு நெருப்புக்குத் திரும்புகிறேன் என்று வாக்கி டாக்கியில் சொல்லிவிட்டு ரெமுவைக் கட்டி இழுத்துக்கொண்டு நடந்தேன். வழியில் ஹில்க்காவின் பையில் ஏலக்காய் ரொட்டி இருக்கும் என்ற ஞாபகம் வந்தது. சதுப்பு ஓரமாகத் திரும்பினேன். ஸ்ப்ரூஸ் கிளைகளுக்கு அடியில் குனிந்து குனிந்து வந்ததில், காட்டில் ஆள் என்று காட்டும் ஆரஞ்சுத் தொப்பியிலிருந்து பழுப்புக் கோட்டின் தோள் வரை ஈரப்பனி அப்பிக்கொண்டது.

வெளியே வந்தபோது ஹில்க்கா பைன் மரத்துக்குப் பின்னால் நின்றிருந்தாள். துப்பாக்கி மரத்தில் சாய்ந்திருந்தது. முகம் வெளுத்திருந்தது, குளிராக்கும் என்று நினைத்தேன். ரொட்டியைக் கொடுத்தாள். ரெமு அவள் கையை நக்கியது.

மதியம் எல்லோரும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். குச்சியில் குத்திய தொத்திறைச்சி வாட்டினோம், கரிபிடித்த கெட்டிலில் காபி கொதித்தது. யல்மரி ஏதோ கதை அளந்துகொண்டிருந்தான். அவன் மூச்சு வாங்கிய இடைவெளியில் ஹில்க்கா பேசினாள்.

"இன்னிக்கு நான் ஓஸ்மோவ ஸ்கோப்புல பாத்தேன்."

தொத்திறைச்சியிலிருந்து கொழுப்பு நெருப்பில் சொட்டும் சத்தம் கேட்டது. எனக்கு அவள் சொன்னது முதலில் விளங்கவே இல்லை.

அவள் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். கிளைகளுக்கு அடியில் ஏதோ பழுப்பாக, தாழ்வாக அசைந்தது. குனிந்து வந்ததால் நடையை வைத்து ஆளைச் சொல்ல முடியவில்லை. என்னவென்று தெரியவில்லை. தெரிந்துகொள்வதற்காகத் துப்பாக்கியைத் தூக்கினாள். சேஃப்டி பூட்டு போட்டிருந்தது. விரல் விசையைத் தொடாமல் வெளியேதான் இருந்தது. ஆனால் என்னவென்று தெரியாத ஒன்றை நோக்கித் தூக்கினாள். கறுப்புக் கம்பங்களுக்கு நடுவே என் முகம் இருந்தது.

வேட்டைக்கு வருகிற எவனுக்கும் முதல் நாள் சொல்லித்தரும் பாடம் அது. ஸ்கோப் பார்ப்பதற்கு அல்ல, சுடுவதற்கு. என்னவென்று தெரிந்த பிறகுதான் துப்பாக்கி மேலே வரும். அவள் அதை நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறாள். ஸ்கோப்பைக் கூர்மையாக்க நாங்கள் போட்டுவிட்ட அந்தப் பழைய கண்ணாடி, ஸ்கோப்புக்கு வெளியே இருந்த காட்டை முன்னைவிட மங்கலாக்கியிருந்தது. குழலுக்குள் பூனையின் மீசைகூடத் தெரியும். வெளியே கணவன் எது, மூஸ் எது என்று தெரியாது. ஔலிஸுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

ஹில்க்கா துப்பாக்கியை மடியில் வைத்துக் குண்டுகளை வெளியே எடுத்தாள். பின்பக்கத்திலிருந்து போல்ட்டை உருவினாள். அது இல்லாமல் துப்பாக்கி வெறும் இரும்புக் குழாய். எழுந்து போய் அதைச் சகரியின் கையில் வைத்தாள்.

"எனக்குக் கண்ணு தெரியல, சகரி."

இத்தனை வருஷத்தில் அந்த வாக்கியத்தை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. சகரி போல்ட்டைத் துணியில் துடைத்து, உள்பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். அவளுக்குக் காபி ஊற்றிக்கொடுத்தான். யல்மரி தன் தொத்திறைச்சியில் பாதியை ஒடித்து அவள் தட்டில் வைத்தான்.

வீட்டுக்கு வண்டி ஓட்டிப் போகும் வழியில்தான் எனக்கு அது முழுசாக உறைத்தது. நின்ற இடத்தில் செத்திருக்கலாம் என்பதைவிட, அவள் அதைச் சுமந்துகொண்டு வாழவேண்டி வந்திருக்குமே என்பதுதான் என்னை உலுக்கியது. ஓரமாக நிறுத்தினேன்.

"எங்கிட்ட மொதல்ல சொல்லியிருக்கலாம்ல?"

"உங்கிட்ட சொல்லியிருந்தா, யாருக்கும் சொல்லாதன்னு சொல்லியிருப்ப."

உண்மைதான். நிச்சயம் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆடிக்கொண்டிருந்த துடைப்பானை நிறுத்தினேன்.

"அதுல நான் எப்படித் தெரிஞ்சேன்?"

"தாடியெல்லாம் பனி. மூக்கு ஒழுகிட்டிருந்துச்சு, தொடைக்காம வந்துட்டிருந்த." நிறுத்தினாள். "ரொம்ப வருஷமா ஒன்ன இவ்வளவு தெளிவா நான் பாத்ததே இல்ல, ஓஸ்மோ. அப்படியா பாக்கணும் ஒன்ன?"

அழுதாள். நானும் அழுதேன். ரெமு பின்சீட்டிலிருந்து எழுந்து எங்கள் இருவர் நடுவே மூக்கை நீட்டியது.

அந்த வருஷம் விருந்துக்கு சூப் வைப்பது யார் என்ற கேள்வியே எழவில்லை. யாரும் கேட்கும் முன்னே ஹில்க்கா பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போய்ப் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டாள். போல்ட் இல்லாதவளுக்கு வேறென்ன வேலை என்றாள். கறியை முந்தின நாளே ஊறவைத்து, கிழங்கும் கேரட்டும் பொடிப்பொடியாக நறுக்கி, மசாலா மிளகைத் தட்டிப் போட்டு, வீட்டில் வைப்பதுபோலவே வைத்தாள். உப்பு டப்பாவை நானே அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவள் அளவாகத்தான் போட்டாள்.

முதல் கரண்டியை எல்லோரும் பயந்துகொண்டேதான் வாயில் வைத்தார்கள். அப்புறம் பேச்சு நின்றது. பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது தடவை வரிசையில் நின்றார்கள். புதிய பாதிரியார் சமையலறைக்கே வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். இத்தனை வருஷமாக இந்தக் கையை ஏன் ஒளித்துவைத்தீர்கள் என்று நில உரிமையாளர்கள் கேட்டார்கள். யல்மரி மூன்றாவது தட்டை வழித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னான்.

"இனிமே வருஷா வருஷம் நீதான் ஹில்க்கா. வேற யாரையும் கிட்ட விடமாட்டோம்."

மனசாரச் சொன்னான். அதில் கிண்டல் துளியும் இல்லை. ஹில்க்கா சிரித்துத் தலையாட்டினாள், பல வருஷத்துக்கு முன்னால் ஆட்டிய அதே மாதிரி. பானையைக் கழுவும்போது என்னை ஓரமாக இழுத்தாள். முகம் அன்று பைன் மரத்தடியில் இருந்ததைவிட வெளுத்திருந்தது.

"எல்லாரும் ரொம்ப நல்லாருக்குன்னு சொல்றாங்க, ஓஸ்மோ."

"நல்லாத்தான இருக்கு."

"அதான் பயமா இருக்கு. நாளைக்கே கண் ஆஸ்பத்திரிக்கு போன் போடு. நான் பேசமாட்டேன், நீ பேசு."

நான் பேசினேன். ஜனவரியில் தேதி கொடுத்தார்கள். ஆபரேஷன் அறை வாசல் வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நகம் பதிந்த தடம் சாயங்காலம் வரை என் உள்ளங்கையில் இருந்தது. மதியம் ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு வெளியே வந்து, உள்ளே ரேடியோ ஓடியது, அதற்குள் முடிந்துவிட்டது, இதற்காகவா இத்தனை நாள் என்று என்னையே திட்டினாள். மறுநாள் மூடியை எடுத்ததும் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இவ்வளவு தூசியிலா நாம் குடியிருந்தோம் என்று துடைப்பத்தை எடுத்தாள். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வசந்தத்தில் ஒரு நாள் கடையில் அவளுக்கு ரொட்டி கொடுக்கப் போயிருந்தேன். வாசலில் சகரி நின்றான். நடக்கவில்லை, இருமவில்லை, வாய் திறக்கவில்லை. கால்மிதியின் மேல் அப்படியே நின்றான். பாலாடைக்கட்டி மேடை கடையின் மறுகோடியில் இருக்கிறது. ஹில்க்கா கத்தியைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தாள்.

"சகரி, மீசைய எப்ப எடுத்த? நல்லாவே இல்ல."

சகரி நேராக நடந்துவந்து, உள்பாக்கெட்டிலிருந்து துணியில் சுற்றிய போல்ட்டை எடுத்து, தராசின் தட்டில் வைத்தான். எண்ணெய் போட்டிருந்தான். மீசை வளர்ந்துவிடும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். கால் கிலோ பாலாடைக்கட்டி வாங்கத்தான் வந்தான் என்பதையே மறந்துவிட்டான்.

அந்த ஸ்கோப் இன்னும் அவள் துப்பாக்கியில்தான் இருக்கிறது. பின்வளையத்தை மறுபடி திருக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். டேப் சுற்றிய கண்ணாடியை அவளே குப்பையில் போட்டாள். அவள் குப்பையில் போட்டு நான் பார்த்த முதல் பொருள் அது. கழுத்தில் இப்போது ஒரு பைனாகுலர் தொங்குகிறது. பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது, கடிகாரத்தைப் பார்க்காமல், விறகுக் கொட்டகையைப் பார்த்து. சூப்பை இப்போது யல்மரி வைக்கிறான். உப்பு தூக்கலாகத்தான் இருக்கிறது. யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

போன அக்டோபரில் ஒரு நாள் ரெமு மறுபடியும் மூஸைத் தவறவிட்டது. ஹில்க்காவின் நிலைப் பக்கமாக வருகிறேன் என்று வாக்கி டாக்கியில் இரண்டு தடவை சொன்னேன். சதுப்பு ஓரத்தில் கிளைகளை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். தொப்பியில் பனி அப்பியிருந்தது. தட்டிவிடலாமா என்று கையைத் தூக்கியவன், அப்படியே நின்றேன்.

தூரத்தில் விழுந்த பைன் மரத்துக்குப் பின்னால் அவள் திரும்பினாள். துப்பாக்கி தோளிலேயே தொங்கியது. பைனாகுலர் மேலே போய், மெல்ல நகர்ந்து, என் மேல் வந்து நின்றது. அவசரமே இல்லாமல் பார்த்தாள். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவள் பார்த்து முடிக்கும் வரை நிமிர்ந்து நின்றேன்.